மாரியம்மனுக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு மணி நேரம்

"ஏழு நாளா? கடல்லயா? அதுல பாக்குறதுக்கு என்னடா இருக்கு, தண்ணிதானே!"

டிக்கெட் போட்ட அன்றே அப்பாயி இப்படிச் சொல்லிவிட்டார். காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர். கடலைப் பார்ப்பதற்குக் காசு கொடுப்பது என்பதே அவருக்குப் புரியாத விஷயம். ஆனால் நியூஜெர்சியில் இருக்கும் அவருடைய மகனும் மருமகளும் விடுவதாக இல்லை. தாத்தா காலமான பிறகு வரும் முதல் டிசம்பர். பனியில் அடைபட்ட வீட்டுக்குள் அப்பாயி தாத்தாவின் நாற்காலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இன்னும் ஒரு மாதம் பார்க்க அவர்களுக்குத் தெம்பில்லை. 15 வயதுப் பேத்தி, 10 வயதுப் பேரன் இருவருக்கும் விடுமுறை. ஐந்து பேரும் கரீபியன் கப்பலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஃபுளோரிடாவில் ஏறினால் தெற்குத் தீவுகளைத் தொடுவதற்கே இரண்டு நாள் கடலில் போய்விடும். அதனால் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஜுவான் வரை விமானம், அங்கிருந்து கப்பல். இது நல்ல யோசனை. தினம் ஒரு தீவு என்று பார்க்க நினைப்பவர்களுக்கு இதுதான் வசதி. சான் ஜுவானைவிட்டுக் கப்பல் நகரும்போது, ஸ்பானியர்கள் 1539-ல் கட்டத் தொடங்கிய எல் மோர்ரோ கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் வருவதுபோல் இருக்கும். பேரன் அதை வீடியோ எடுத்தே போனில் பாதி சார்ஜைத் தீர்த்தான்.

கப்பல் கிளம்பும் முன் எல்லாரும் அவரவர் கூடும் இடத்துக்குப் போய், ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-ல் உருவான சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வழியில் வந்த வழக்கம் இது. 2012-ல் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது. பெரும்பாலானவர்கள் அரைக் காதில்தான் கேட்பார்கள். அப்பாயி மட்டும் உயிர்காக்கும் அங்கியின் பெல்ட்டை எப்படி இழுக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். "நமக்கு நீச்சல் தெரியாதே" என்றார் மருமகளிடம்.

முதல் இரவு கப்பல் லேசாக ஆடியதில் மருமகளுக்குத்தான் வாந்தி. அப்பாயிக்கு ஒன்றுமில்லை. கப்பல் ஊழியர் பச்சை ஆப்பிளைக் கொண்டுவந்து கொடுத்தார். கடல் மயக்கத்துக்குக் கப்பல்களில் காலங்காலமாகக் கொடுக்கும் வைத்தியம். அதைவிட அப்பாயியின் கைப்பையில் இருந்த சுக்கு நன்றாகக் கேட்டது.

அப்பாயியும் பேத்தியும் இருந்தது உள்ளறை. விலை குறைவு, ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றே தெரியாது. அப்பாயிக்குத் துணை, தாத்தாவின் ஹெச்.எம்.டி. கைக்கடிகாரம். சாவி கொடுக்கும் பழைய வகை. தாத்தா போன நாளிலிருந்து தினமும் காலையில் பல் தேய்த்ததும் அதற்குச் சாவி கொடுப்பது அவருடைய வேலை. மணிக்கட்டில் கட்டிக்கொள்ள மாட்டார், பைக்குள் வைத்திருப்பார். "இந்தக் கப்பல்ல எல்லாத்தையும் ஒரு மணி நேரம் முன்னாடியே பண்றாங்க. ஆறு மணிக்கே டிபன், பதினொரு மணிக்கே சோறு" என்று இரண்டாம் நாள் அலுத்துக்கொண்டார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்க வேண்டும்!

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மேல்தளத்தில் காலை முதல் நள்ளிரவு வரை பரப்பி வைத்திருக்கிறார்கள். மீன் உண்டு, ஆனால் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. முதல் இரண்டு நாளும் அப்பாயி ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினார். இரவு உணவு மேஜையில் பரிமாறியவர் மும்பைக்காரர். முந்தின நாளே சொல்லிவைத்தால் பருப்பும் சோறும் செய்துதரச் சமையலறையில் ஆள் இருக்கிறார் என்று அவர்தான் காதோடு காதாகச் சொன்னார். கப்பலில் போகிறவர்கள் ஏறிய அன்றே இதைக் கேட்டுவிடலாம். இந்த ஊழியர்கள் ஒரு தடவை ஏறினால் ஆறேழு மாதம் கழித்துத்தான் வீட்டுக்குப் போவார்கள். அவருக்கு ஒரு வயதில் மகள் இருப்பதாகச் சொன்னதும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல் கணக்கில் ஏறும் டிப்ஸைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்த மகன் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கப்பல் குவாதலூப் தீவின் புவான்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் நின்றது. பிரான்ஸின் ஒரு பகுதி. யூரோதான் செல்லும், பேச்சு பிரெஞ்சும் கிரியோலும். ஊரின் நடுவிலேயே கப்பல் நிற்பதால் மசாலாச் சந்தைக்கு நடந்தே போய்விடலாம்.

சந்தையில் நுழைந்ததும் அப்பாயி நின்றுவிட்டார். தலையில் கட்டம்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள். அந்தத் துணியின் பெயர் 'மெட்ராஸ்'. ஒரு காலத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன கட்டத்துணி, இன்று அந்தத் தீவுகளின் விசேஷ உடையே ஆகிவிட்டது. அவர்கள் முன்னால் பட்டை, ஜாதிக்காய், வனிலா, பொட்டலம் பொட்டலமாக ஒரு மஞ்சள் பொடி. பெயர்ச்சீட்டில் 'கொலம்போ' என்று இருந்தது.

"அப்பாயி, ஸ்ரீலங்காவுல இருந்து வந்ததாம்!" என்றான் பேரன்.

அப்பாயி ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். "கொழும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள்... இது நம்ம குழம்புப்பொடிடா. மிளகாயைத்தான் காணோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. 'குழம்பு' என்ற சொல்தான் அங்கே 'கொலம்போ' ஆனது என்று பலரும் சொல்கிறார்கள். ஆட்டுக்கறியிலும் கோழியிலும் அந்தப் பொடி போட்டுச் செய்யும் கொலம்போ இல்லாமல் அங்கே விருந்தே கிடையாது.

பொடி விற்ற பெண்ணைப் பார்த்து அப்பாயி திடீரென்று, "போன்ழூர் மதாம்!" என்றார். மருமகளுக்கு ஆச்சரியம். 20 வருடத்தில் அத்தை வாயிலிருந்து பிரெஞ்சு வந்து அவர் கேட்டதில்லை. 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தானே இருந்தது? அப்பாயியின் அப்பா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லவும் பத்து வரை எண்ணவும் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே 'இந்தியாவா?' என்று கேட்டார். பிறகு தெற்குப் பக்கம் கையைக் காட்டி, "ஷான்ஜி... மாலியேமேன்" என்றார்.

"மாரியம்மனா?" என்றார் அப்பாயி.

அவ்வளவுதான். "கோயிலைப் பாக்காம வர மாட்டேன்" என்று நின்றுவிட்டார். கேபெஸ்டேர் என்ற ஊரில் இருக்கிறது ஷான்ஜி கோயில். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மாலை ஐந்தரைக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும். கப்பல் கம்பெனியே நடத்தும் சுற்றுலாவில் போனால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமாக டாக்ஸி பிடித்துப் போனால் காத்திருக்காது. மருமகள் தயங்கினார். மகனோ, இத்தனை மாதத்தில் அம்மா முதன்முதலாக ஒன்றைக் கேட்கிறார் என்று, மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு டாக்ஸியை அமர்த்தினார்.

வழியெல்லாம் வாழைத்தோட்டம், கரும்பு. கேபெஸ்டேரில் இருபுறமும் ராஜபனைகள் அணிவகுத்து நிற்கும் துமானுவார் சாலை. எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் அதன் படம் இருக்கும். அப்பாயி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. ஒப்பந்தக் கூலிகளை நம் ஊர்ப்பக்கம் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தைப் புவான்த்-ஆ-பித்ரில் இறக்கியது. அடுத்த 35 வருடங்களில் 40,000-க்கும் அதிகமான இந்தியர்கள் அந்தச் சிறு தீவுக்கு வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் ஏராளம். ஐந்து வருட ஒப்பந்தம், பிறகு ஊர் திரும்பலாம் என்றுதான் பேச்சு. திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். நோயிலும் வேலையின் கடுமையிலும் செத்துப்போனவர்கள் நிறைய. மிஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமைகூட இல்லை. இதே கேபெஸ்டேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-ல் அதற்காகப் போராட ஆரம்பித்து, 1923-ல்தான் வென்றார். இன்றைக்கும் அங்கே ராமசாமி, முத்துசாமி என்ற குடும்பப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் பார்க்கலாம். தமிழ் பேச்சில் இல்லை. வழிபாட்டில் மட்டும் இருக்கிறது. பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். மாரியம்மனோடு, கடலில் காப்பாற்றும் நாகூர் ஆண்டவரையும் 'நாகூர் மீரா' என்று கொடியேற்றிக் கும்பிடுகிறார்கள். எந்த பயத்தோடு அவர்கள் கப்பலேறியிருப்பார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கோயில் சாலையோரத்திலேயே இருந்தது. அன்று விசேஷ நாள் இல்லை, கூட்டமும் இல்லை. வயதான ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். அப்பாயி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தமிழில் பேச ஆரம்பித்தார். அவர் கிரியோலில் பதில் சொன்னார். இருவருக்கும் மற்றவர் பேச்சு புரியவில்லை. ஆனால் அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மரத்தைக் காட்டி 'வெப்பேலே' என்றார். 'வேப்பிலை' என்றார் அப்பாயி. தன் நெஞ்சைத் தொட்டு 'பூசாரி' என்றார். தட்டிக் காட்டி 'மத்தலோன்' என்றார். 'மத்தளம்' என்றார் அப்பாயி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. பேத்தி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் அப்பாயி தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் அவள்.

பிறகு அப்பாயி அம்மன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தாத்தா போன பிறகு எந்தக் கோயிலிலும் அவர் உட்கார்ந்ததில்லை. கும்பிட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிடுவார். இங்கே எழுந்திருக்கவே இல்லை. வீடியோ எடுத்தே மகனின் போனும் பேரனின் போனும் உயிரை விட்டிருந்தன. மருமகளின் போன் கப்பலில் சார்ஜில்.

"அம்மா, மணி என்ன?"

அப்பாயி பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "மூணே கால்தான் ஆவுது. இருடா."

நிறைய நேரம் இருக்கிறது என்று மகனும் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். காரில் வைத்திருந்த பையை எடுக்கப் போன பேத்திதான் தன் போனைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா! மணி ஃபோர் ஃபிஃப்டீன்!"

டிசம்பரில் நியூஜெர்சி நேரம் இந்தத் தீவுகளைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. தாத்தாவின் கடிகாரம் இன்னும் நியூஜெர்சியில் இருந்தது.

திரும்பிய பயணத்தை அந்தக் குடும்பம் இன்னும் பல வருடம் பேசும். முதல் பாதி தூரம் பறந்தது. நகரத்தை நெருங்கும்போது, பாலத்துக்கு முன்னால் கார்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. பாஸ்போர்ட்டுகள் கப்பல் அறையில். குறித்த நேரத்துக்கு வராதவர்களின் பாஸ்போர்ட்டை அறையிலிருந்து எடுத்துத் துறைமுக ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் போய்விடும் என்று மருமகள் எங்கோ படித்திருந்தார். அப்புறம் அடுத்த தீவுக்கு நம் செலவில் விமானம். ஐந்து பேருக்கு! அதைவிட, அப்பாயியின் ரத்த அழுத்த மாத்திரையும் அறையில்தான் இருந்தது.

"எல்லாம் என்னாலதான்" என்றார் அப்பாயி, கடிகாரத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டே.

"இல்லத்தை, நாங்கதான் கேட்டிருக்கணும். நேத்தே சொன்னீங்களே" என்றார் மருமகள். காலையிலிருந்து புருஷன்மீது இருந்த கோபத்தை அவர் அப்போது வெளியே காட்டவில்லை. இரவு காட்டினார் என்று கேள்வி.

ஐந்து மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு டாக்ஸி துறைமுக வாசலில் நின்றது. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தான். அப்பாயியால் ஓட முடியாது. மகன் ஒரு கையையும் பேத்தி ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, பேரன் முன்னால் ஓடிப்போய், "மை கிராண்ட்மா! மை கிராண்ட்மா!" என்று காவலாளியிடம் கத்தினான். மேல்தளத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். கடைசி நேரத்தில் ஓடிவருகிறவர்களுக்குக் கைதட்டுவது கப்பலில் ஒரு பொழுதுபோக்கு.

இரவு மும்பைக்காரர் பருப்பும் சோறும் கொண்டுவந்தார். அப்பாயி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ட்டினிக், செயின்ட் லூசியா, பார்படோஸ் என்று மற்ற தீவுகளும் அழகுதான். செயின்ட் லூசியாவில் கடலிலிருந்து நிமிர்ந்து நிற்கும் இரட்டை மலைகளைப் பார்க்காமல் வரக்கூடாது. ஆனால் அங்கெல்லாம் குடும்பம் நான்கு மணிக்கே கப்பலில் ஏறிவிட்டது. பேத்தி ஓய்வு நேரத்தில் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாயியிடம் கேட்டுக் கேட்டு, மாரியம்மன், வேப்பிலை, மத்தளம் என்று ஆங்கில எழுத்தில்.

ஐந்தாம் நாள் காலை, சாவி கொடுத்துக்கொண்டிருந்த அப்பாயியிடம் மகன் கையை நீட்டினார். "குடும்மா, ஒரு மணி நேரம் தள்ளி வச்சுத் தரேன்."

அப்பாயி கொடுக்கவில்லை. "வேணாம்டா. அது பாட்டுக்கு ஓடட்டும். இன்னும் ரெண்டு நாள்ல நாமளே அங்க போயிடுவோம்."

பைக்குள் கடிகாரத்தை வைத்தார். அதன் பக்கத்தில் அரைக் கிலோ கொலம்போ பொடி இருந்தது. வீட்டுக்குப் போனதும் மிளகாய் வறுத்து அரைத்து அதில் கலக்க வேண்டும் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.