குளியலறைக்குக் கீழே ஒரு கட்டிங் டேபிள்

திருப்பூரில் ஒரு வகை வீடு உண்டு. கீழே பனியன் கம்பெனி, மேலே குடும்பம். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளை விட்டுவிடுங்கள். ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட்கள் பல இப்படித்தான் இருக்கும். கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு பவர் டேபிள், நடுவில் நீளமாக ஒரு கட்டிங் டேபிள், சுவரோரம் அடுக்கி வைத்த துணி ரோல்கள். படியேறினால் சமையலறை, சாமி படம், டி.வி., பாத்ரூம்.

அந்த பாத்ரூமில் யாராவது ஷவர் வைக்கலாம் என்று ஆசைப்பட்டால்தான் கதை ஆரம்பிக்கிறது.

மற்ற ஊர்களில் மாடி பாத்ரூம் ஒழுகினால் கீழே ஹால் சீலிங்கில் ஒரு கறை வரும். பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே கீழே இருப்பது அடுத்தவர் துணி. கட்டிங் டேபிளில் துணியை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். கான்கிரீட்டில் ஊறி இறங்குகிற தண்ணீர் வெறும் தண்ணீராக வராது, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். பின்னலாடைத் துணி தண்ணீரை எப்படி உறிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் சொட்டினால் கறை மேல் அடுக்கோடு நிற்காமல் கீழே கீழே இறங்கிவிடும். காலையில் வந்து பார்க்கிற கட்டிங் மாஸ்டருக்கு எப்படி இருக்கும்? செக்கிங்கில் கழிந்த பீஸுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது ஜாப் ஒர்க் எடுத்தவர். பார்ட்டியிடம் போய் "எங்க பாத்ரூம் ஒழுகிருச்சுங்க" என்று சொல்லவா முடியும்?

இதில் நம் கொத்தனார்களை மட்டும் திட்டிப் பயனில்லை. யோசித்துப் பார்த்தால், வீட்டுக்குள் குளிப்பது என்பதே நமக்குப் புதுசு. கொங்குப் பக்கத்துப் பழைய வீடுகளில் குளிக்கிற இடம் பின்னால், வெளியே. விறகடுப்பில் ஒரு பெரிய அண்டா (அனுப்பர்பாளையம் பாத்திரம் என்றால் கூடுதல் கௌரவம்), பக்கத்தில் ஒரு கல், சுற்றி மூன்று பக்கம் தடுப்பு. குளித்த தண்ணீர் வாழைக்கோ தென்னைக்கோ போய்விடும். அங்கே கசிந்தால் யாருக்கு நஷ்டம்? வாழைக்கு லாபம்!

தண்ணீர் இறங்காமல் தடுக்கிற வித்தை நம்மூரில் இல்லாமல் இல்லை. ஆனால் அது மொட்டை மாடிக்கான வித்தை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். மழை வருஷத்தில் சில நாள் பெய்கிறது, அதற்கே இத்தனை பாடு. பாத்ரூமிலோ தினமும் மழை. ஆனாலும் அங்கே சிமெண்ட் தரை போட்டு டைல்ஸ் ஒட்டினால் போதும் என்று நினைக்கிறோம். பாத்ரூம் வீட்டுக்குள் வந்து, பிறகு மாடி ஏறி, பெட்ரூமோடு ஒட்டிக்கொண்ட வேகத்தில் மொட்டை மாடிப் பாடம் கூடவே வரவில்லை.

பக்கெட், மக் காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. மக்கில் மொண்டு குளித்தால் தரை நனையும், சுவர் இடுப்பு வரைக்கும் நனையும். ஷவர் அப்படியில்லை. தலைக்கு மேலே இருந்து பத்து நிமிஷம் சுவர் முழுக்க அடிக்கும். அதோடு ஷவருக்குப் போகிற குழாயும் அதே சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. ஷவர் வைப்பது என்றால் சுவரில் ஒரு பூவாளியை மாட்டுவது மட்டுமல்ல, அந்தச் சுவரையும் தரையையும் தொட்டி மாதிரி ஆக்குவது.

டைல்ஸ் போட்டிருக்கிறதே, அப்புறம் எப்படித் தண்ணீர் போகும் என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. டைல்ஸ் வழியாகப் போகாது. இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கிற கோடு வழியாகப் போகும். அதில் அடைக்கிற ஒயிட் சிமெண்ட்டும் சரி, சாதாரண க்ரௌட்டும் சரி, தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும், நாளாக நாளாக மயிரிழை போல வெடிக்கவும் செய்யும். டைல்ஸ் என்பது மேல்சட்டை. தண்ணீரைத் தடுப்பது அதற்குப் பின்னால் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு படலம்.

இது ஒன்றும் இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமில்லை. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். நாலாயிரம் வருஷத்துக்கும் முன்பே, நெருக்கி அடுக்கிய செங்கலும் ஜிப்சம் கலவையும் மட்டும் போதாது என்று, அதற்குப் பின்னால் தார் போன்ற நிலக்கீலை ஒரு அடுக்காகப் பூசியிருக்கிறார்கள். குளிக்க வந்தவர்கள் யாரும் அந்தத் தாரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

மாடி பாத்ரூம் வரும் இடத்தில் கான்கிரீட் தளத்தை முக்கால் அடி, ஒரு அடி பள்ளமாக இறக்கிப் போடுவது வழக்கம். மேஸ்திரிகள் இதை 'சங்கன் ஸ்லாப்' என்பார்கள். கழிவுக் குழாய்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். அப்புறம் பள்ளத்தை நிரப்பி மேலே தரை போடுவார்கள். எதை வைத்து நிரப்புகிறார்கள் என்பதில்தான் விஷயம். வேலை நடக்கிற இடத்தில் கிடக்கிற உடைந்த செங்கல், காய்ந்த கலவை, சமயத்தில் சிமெண்ட் சாக்கு கூட உள்ளே போய்விடும். அது ஸ்பாஞ்ச் மாதிரி. மேலே லேசாகக் கசிகிற தண்ணீரை மாதக்கணக்கில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நிரம்பிய பிறகுதான் கீழே சொட்டும். அதற்குள் வேலை செய்தவர் வேறு ஊரில் வேறு வீடு கட்டிக்கொண்டிருப்பார். அதனால் பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் ஒரு முறை வாட்டர் புரூஃப் செய்ய வேண்டும். நிரப்பி, மேல் தளம் போட்டு, டைல்ஸுக்கு முன்னால் இன்னொரு முறை செய்ய வேண்டும். ஒரு முறை போதும் என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

(கீழே கம்பெனிதான் என்றால், பள்ளமே இல்லாமல் குழாய்களைத் தளத்துக்கு அடியில் வெளிப்படையாகத் தொங்க விடுவது எவ்வளவோ நல்லது. பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர்கள் சீலிங் அழகை ரசிக்கப் போவதில்லை. கசிந்தால் அன்றைக்கே தெரியும். டேபிளைக் குழாய்க்கு நேர் கீழே போடாமல் இருந்தால் சரி.)

வாட்டர் புரூஃப் என்றதும் கடையில் ஒரு டப்பா வாங்கி சிமெண்ட் கலவையில் ஊற்றினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் திரவம் நல்லதுதான். அதற்கென்றே ஐ.எஸ். 2645 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஆனால் அது கலவையின் உறிஞ்சும் குணத்தைக் குறைக்கும், வெடிப்பை அடைக்காது. அதற்குமேல் ஒரு பூச்சு வேண்டும். பவுடரும் பால் போன்ற ஒரு பாலிமர் திரவமும் சேர்த்துக் கலக்குகிற வகைதான் பாத்ரூமுக்கு அதிகம் பயன்படுகிறது. தரையைக் கழுவி, லேசாக ஈரமாக்கி, பிரஷ்ஷால் ஒரு கோட். அது காய்ந்த பிறகு குறுக்குவாட்டில் இன்னொரு கோட். இரண்டாவது ஈரமாக இருக்கும்போதே மேலே கொஞ்சம் மணல் தூவினால் பிறகு டைல்ஸ் கலவை நன்றாகப் பிடிக்கும்.

ஒழுகுகிற இடங்கள் எப்போதும் இரண்டுதான். சுவரும் தரையும் சேர்கிற மூலை, குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு போகிற இடம். மூலையைச் செங்குத்தாக விடாமல் கலவை வைத்து வளைவாக உருட்டிவிட்டு, பூச்சுக்கு நடுவே ஃபைபர் வலைத் துண்டை வைத்து ஒட்ட வேண்டும். தண்ணீர் இறங்குகிற நகாணி ட்ராப்பைச் சுற்றி, காய்ந்தால் சுருங்காத கலவையை வைத்து அடைக்க வேண்டும். சுவரில் எவ்வளவு உயரம்? ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 3740 தரப்படி ஷவர் இருக்கும் சுவரில் குறைந்தது 1,800 மில்லிமீட்டர், அதாவது ஆறடி. நம்மூரில் ஒரு அடிக்கு அடித்துவிட்டு பிரஷ்ஷைக் கழுவப் போய்விடுவார்கள். ஷவர் சுவருக்காவது ஆறடி, ஏழடி கேட்டு வாங்குங்கள்.

இனிமேல்தான் சண்டையே.

"அக்கா, நாளைக்கு டைல்ஸ்காரங்க வந்துருவாங்க."

"ஏனுங்ண்ணா, தண்ணி நிறுத்திப் பாக்கோணும்னு சொன்னாங்களே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க்கா. நாம எத்தன பாத்ரூம் பாத்துருக்கறோம்!"

எத்தனை பார்த்திருந்தாலும் இந்தச் சோதனையை விடக்கூடாது. செலவு ஒன்றும் இல்லை. ட்ராப் ஓட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பனியன் வேஸ்ட்டால் இறுக்கி அடைக்க வேண்டும் (அதற்குத் திருப்பூரில் பஞ்சமா என்ன!). இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட வேண்டும். பக்கத்திலேயே ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டுவிட்டால், வெயிலுக்கு ஆவியாகிப் போனது எவ்வளவு, தரைக்குள் போனது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். 48 மணி நேரம். பக்கெட்டை விடத் தரையில் அதிகம் இறங்கியிருந்தாலோ, கீழே தளத்தில் ஈரம் தட்டினாலோ பூச்சைத்தான் திரும்பச் செய்ய வேண்டும், டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு நாளை யாரும் தர மாட்டேன் என்கிறார்கள். ஆள் கூலி ஓடுகிறது, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. ஷிப்மெண்ட் தேதியைப் பார்த்துப் பார்த்து ஓடிப் பழகிய ஊரில் எதுவும் செய்யாமல் இரண்டு நாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான்.

அதே மாதிரி குழாய்க்கும் ஒரு சோதனை உண்டு. சுவரை வெட்டிக் குழாய் பதித்ததும் பூசிவிடக் கூடாது. எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். வெந்நீர்க் குழாய் சி.பி.வி.சி.யாக இருக்கட்டும். சாதா பி.வி.சி. சூடு தாங்காது. தரைச் சரிவு அடிக்குக் கால் அங்குலம் ட்ராப்பை நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது.

ஷவர் வாங்கப் போகும்போது ஒரு கணக்கு போட்டுக்கொண்டு போவது நல்லது. பத்து மீட்டர் உயரத்தில் இருக்கிற தண்ணீர்தான் சுமார் ஒரு கிலோ ப்ரஷர் தரும். மொட்டை மாடி டேங்குக்கும் மேல் மாடி ஷவருக்கும் நடுவே இருப்பது இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று மீட்டர். கால் கிலோ! ஷோரூமில் மழை மாதிரி கொட்டிய அகல ஷவர் வீட்டில் ஆடி மாசத் தூறலாகி, நடுவில் மட்டும் சொட்டுவது இதனால்தான். டேங்க்கை இன்னும் உயர்த்தலாம், ப்ரஷர் பம்ப் வைக்கலாம், இல்லையென்றால் சின்ன முகமுள்ள சாதா ஷவரே போதும். மாட்டுகிற உயரம் ஆறரை முதல் ஏழடி.

திருப்பூருக்கென்றே இன்னொரு தொல்லை தண்ணீர். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் போய், நிலத்தடி நீர் உப்பேறி, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. போர் தண்ணீரைப் பொறுத்தவரை அது முடிந்த கதையில்லை. பல வீடுகளில் குழாயில் வருகிற 'நல்ல தண்ணி' சமையலுக்கு, போர்வெல்லின் 'உப்புத் தண்ணி' குளிக்க. ஷவருக்குப் போவது அந்த உப்புத் தண்ணிதான். சில மாதத்தில் துளைகளில் வெள்ளையாகக் கட்டி தட்டிவிடும். முகத்தைக் கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு ராத்திரி ஊறப் போட்டுத் தேய்த்தால் போகும். ஊசியால் குத்த வேண்டாம். ரப்பர் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் விரலால் தேய்த்தாலே உதிரும்.

ஏற்கனவே ஒழுக ஆரம்பித்துவிட்ட வீடு என்றால்? உடனே டைல்ஸை உடைக்க வேண்டாம். முதலில் இரண்டு மூன்று நாள் அந்த பாத்ரூமில் யாரும் குளிக்காமல், ஆனால் பைப் லைனை மூடாமல் விட்டுப் பார்க்க வேண்டும். அப்படியும் ஒரே மாதிரி சொட்டினால் சுவருக்குள் இருக்கும் குழாய்மீது சந்தேகப்படலாம். மெல்ல மெல்லக் குறைந்தால் தரையோ ட்ராப்போ. ஷவர் மட்டும் போட்டால் சொட்டி, பக்கெட்டில் குளித்தால் சொட்டவில்லை என்றால் சுவர். க்ரௌட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி க்ரௌட் போடுவது சின்னக் கசிவுகளுக்கு உதவும். அடியில் படலமே இல்லாத பாத்ரூமுக்கு அது கொஞ்ச நாள் தள்ளிப் போடுகிற வேலைதான். அதற்கு உடைத்துத்தான் ஆக வேண்டும்.

சரி செய்த பிறகும் கீழே சீலிங் ஈரம் உடனே காயாது. பள்ளத்தில் ஊறிய தண்ணீர் வடிய வாரங்கள் ஆகும். உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும்போது அதன் மேல் பெயிண்ட் அடித்தால் கொப்பளம் கொப்பளமாக உரிந்து, அதுவும் துணி மேல்தான் விழும். அதுவரைக்கும் கட்டிங் டேபிளை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு, ராத்திரி கடை சாத்தும்போது மேலே ஒரு தார்பாய் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.