கரை யாருடையது?

வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் என்பது ரயில் பாதைக்கு அப்பால் உள்ள ஒரு காட்சிப்பொருள். மாலையில் தண்டவாளத்தைக் கடந்து, கருங்கற்களின்மேல் அமர்ந்து, சுருளில் வாங்கிய கடலையைக் கொறித்தபடி சூரியன் மறைவதைப் பார்ப்போம். இருட்டியதும் வீடு திரும்புவோம். கடலில் இறங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நாற்பது வயதைக் கடந்த பின்னர், இலங்கையின் எதிர்க்கரைக்குப் போய், ஒரு பலகையின்மேல் குப்புறப் படுத்தவாறு நான் முதன்முதலாகக் கடலுக்குள் இறங்கினேன் என்றால் வாசகர் சிரிக்கக்கூடும். சிரிக்கத்தக்க காரியந்தான் அது. ஆயினும் அந்தப் பயணத்தில் நான் கண்டவற்றுள் சிரிப்புக்கு இடமில்லாதனவும் பல இருந்தன.

என்னை இழுத்துச் சென்றவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த என் நண்பர். துறைமுகத்தில் வேலை செய்பவர். "மச்சான், நாங்கள் கடலுக்குப் பக்கத்திலை இருந்து கடலைக் காணாமலே சாகப்போறம்" என்பது அவருடைய நெடுநாள் முறைப்பாடு. ஒரு ஆனி மாதக் கடைசியில் இருவரும் விடுமுறை எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறினோம். மொனராகலையைத் தாண்டி, லகுகலைக் காட்டினூடே பொழுது புலர்ந்தது. குளத்தின் ஓரத்தில் யானைகள் நின்றன. பொத்துவிலில் இறங்கி, பாலத்தைக் கடந்து அறுகம் குடாவை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது.

முதல் அனுபவம் ஒரு விடுதியின் வாசலிலே கிடைத்தது. அறை இருக்கிறதா என்று தமிழிலே கேட்டோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் எங்கள் பைகளையும் முகங்களையும் பார்த்தான். "வெளிநாட்டுக்காரருக்கு மட்டுந்தான்" என்றான். அவன் குரலில் அகந்தை இல்லை; வெட்கமே இருந்தது. அவனும் இந்த நாட்டவன். தன் நாட்டவனுக்குக் கதவடைக்கச் சம்பளம் பெறுகிறவன். நாங்கள் ஒன்றும் பேசாமல் திரும்பினோம். உல்லைக் கிராமத்தில் ஒரு முஸ்லிம் மீனவர் தம் வீட்டின் ஒரு பக்கத்து அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்தார். அவருடைய மகன்தான் எனக்கு அலைச்சறுக்கு ஆசிரியன். அவனுக்கு வயது பத்தொன்பது.

அலையின் இலக்கணத்தை அவன் தகப்பனிடம் கற்றிருந்தான். சித்திரை, வைகாசி தொடங்கி ஐப்பசி வரை இங்கே அலைக்காலம். தெற்கே நெடுந்தொலைவில் இந்து சமுத்திரத்தில் வீசும் காற்று நீரை உந்துகிறது. அவ்வுந்தல் பல நூறு காதம் கடந்து வந்து, குடாவின் முனையிலே வளைந்து, ஆழம் குறைந்த இடத்தில் கால் தடுக்கியதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி வரிசையாக உடைகிறது. தென்மேல் பருவக்காற்றோ இங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எழும் அலையின் முகத்தைச் சரியவிடாமல் தாங்கி நிற்கிறது. "அலை உங்களைத் தூக்கும் அண்ணன், நீங்க எழும்பத்தான் வேணும்" என்றான் பையன். முப்பது தடவை விழுந்தேன். முப்பத்தோராவது தடவை எழுந்து நின்றேன். எத்தனை கணம் என்று அறியேன். கால்களுக்குக் கீழே நிலம் இல்லாமலே நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த மகிழ்ச்சியை மறைப்பது பொய்யாகும். ஹவாய் முதலிய பசிபிக் தீவுகளின் மக்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்த மகிழ்ச்சி அது. பணம் படைத்தவனுக்கென்று படைக்கப்பட்டதன்று. இதே ஊரிலே 2018 இல் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் அமைத்தார்கள். ஊராரின் பேச்சை மீறிக் கடலில் இறங்கிய அப்பெண்களுக்கு முன்னால் என் முப்பது வீழ்ச்சிகள் எம்மாத்திரம்?

அன்றிரவு முற்றத்தில் அமர்ந்திருந்தபோது பையனின் தகப்பனார் பேசினார். 2004 மார்கழி 26 ஆம் நாள் காலை கடல் இந்த ஊரை வாரிச் சுருட்டியது. இலங்கை முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர் அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. அதன்பின் நடந்ததைத்தான் பேசினார். கடலோரத்தில் இனி எவரும் வீடு கட்டலாகாது என்று அரசு எல்லை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மக்களின் உயிர்காக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். நல்லது. ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு விதிவிலக்குக் கிடைத்தது. "கடல் எங்களை மட்டுந்தான் கொல்லும், விடுதியைக் கொல்லாது எண்டு நினைச்சாங்க போல" என்றார் அவர். எதிர்ப்புகள் எழுந்தன, பின்னர் அவ்வெல்லைகள் தளர்த்தப்பட்டன. ஆனால் தோணியை இழுத்து வைக்கக் கரையில் இடம் தேடும் கவலை இன்னும் அவரை விடவில்லை.

மறுநாள் இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தெற்கே பாணமைக்குப் போனோம். ஒருபுறம் வயலும் பற்றைக்காடும். மறுபுறம் மணல்மேடுகளுக்கு அப்பால் கடலின் இரைச்சல். சிங்களமும் தமிழும் கலந்து வாழும் பழைய கிராமம் பாணமை. சிங்கள உழவர் ஒருவர் எங்களோடு தமிழிலேயே பேசினார். இளநீர் வெட்டித் தந்துவிட்டுத் தம் ஊரின் கதையைச் சொன்னார். நாடறிந்த கதைதான் அது. 2010 ஆம் ஆண்டு, போர் முடிந்து ஓராண்டு கழிந்த நிலையில், ராகம்வெல முதலிய இடங்களிலிருந்து ஏறக்குறைய 350 குடும்பங்கள் விரட்டப்பட்டன. குடிசைகள் எரிந்தன. கடலோரத்து நிலங்கள் படையினர் வசமாயின. 2015 இல் ஒரு பகுதியை மீளக் கையளிக்க அமைச்சரவை முடிவு செய்தது. முடிவு தாளிலே இருந்தது. நிலம் வேலிக்குள்ளே இருந்தது. 2016 இல் மக்கள் தாமாகவே திரண்டு சென்று ராகம்வெலவில் தம் மண்ணில் கால் வைத்தார்கள்.

வெள்ளவத்தைத் தமிழனுக்கு இக்கதை ஒரு பாடம். நிலம் பறிபோவது தமிழனுக்கு மட்டுமே நேரும் துன்பம் என்று எண்ணிப் பழகிய மனம் என்னுடையது. அதற்கு எங்களிடம் காரணங்களும் உண்டு. ஆனால் அந்தச் சிங்கள உழவரின் கண்களில் நான் கண்டது எங்கள் உறவினரின் கண்களில் கண்ட அதே பார்வை. கடற்கரை நிலத்துக்கு விலை ஏறியபோது அதைப் பறித்தவன் உழவனின் மொழியைக் கேட்டா பறித்தான்?

மூன்றாம் நாள் வடக்கிலிருந்து கதிர்காமப் பாதயாத்திரிகர் வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வாரக்கணக்காக நடந்து வருபவர்கள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். பாணமையில் கிராமத்தவர் தண்ணீரோடு வழியில் நின்றார்கள்; நேற்றைய உழவரும் நின்றார். உகந்தமலை முருகன் கோயிலடியில் இரவு தங்கி, காட்டுப்பாதை திறந்ததும் கூமுனை வனத்துக்குள் நடந்தோம்.

கூமுனை 1938 இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 1970 இல் யால கிழக்குத் தேசிய வனமாயிற்று. போரின் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. 2006 இல் கூமுனை என்ற தன் பெயரையே பெற்றது. ஏறக்குறைய 200 ஹெக்டயர் பரப்புள்ள வில்லுக்குளத்தில் நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் கூடுகட்டுகின்றன. ஏனைய நாட்களில் இவ்வனத்துக்குள் வாகனத்தைவிட்டு இறங்கி எவரும் நடக்கக்கூடாது. யாத்திரைக் காலத்திலே மட்டும் ஏழையின் கால்களுக்கு வழி திறக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயைக் காரணங்காட்டி ஆங்கில அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. கொழும்பிலே ஆடிவேல் விழா வேரூன்றியது அக்காலத்தில்தான். சிறுவயதில் எங்கள் காலி வீதியில் தேர் வந்தபோது கைகட்டி நின்ற எனக்கு, அந்தத் தேர் இந்தக் காட்டுப்பாதையின் நிழல் என்பது அன்றுதான் விளங்கிற்று.

குமுக்கன் ஆற்றங்கரையில் மருதமரங்களின் கீழே துணியை விரித்துப் படுத்தோம். நண்பரிடம் கொழும்பில் வாங்கிய நைலோன் கூடாரம் ஒன்று இருந்தது. அதை விரிக்க அவர் பட்ட பாட்டைக் கண்டு, மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு கிழவி சிரித்தாள். "எதுக்கு மனே இது? ஆனை வந்தா இது தாங்குமா?" அவள் இருபது ஆண்டுகளுக்குமேல் இப்பாதையில் நடப்பவள். காலையில் புறப்படுமுன் தான் படுத்த இடத்தைக் கூட்டினாள். அடுப்புக்கு வைத்த மூன்று கற்களையும் ஆற்றில் கழுவி, எடுத்த இடத்திலே வைத்தாள். "நாம போனபிறகு அதுகள் வரும். அதுகட வீடுதானே" என்றாள். அந்த வழியெங்கும் எறியப்பட்ட பிளாஸ்டிக் போத்தல்களும் கிடந்தன. அவையும் யாத்திரிகர் எறிந்தவையே. ஏழைகள் என்பதனாலே எல்லாரும் காட்டைக் காப்பவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காப்பது எப்படி என்று அறிந்தவர் அவர்களிடையே உண்டு. அவர்களிடம் எவரும் கேட்பதில்லை என்பதே என் வழக்கு.

கரையைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றரையும் கரையோர வலயம் என வகுத்தது. வகுத்த கோடு எல்லாருக்கும் ஒரே கோடாக இருக்க வேண்டும் அல்லவா? மீனவனின் குடிசைக்கு மதிலாகவும் விடுதியின் மாடிக்கு வாசலாகவும் அது மாறுமானால், நாம் காப்பது எதனை?

இக்கேள்வியை என்னிடமும் நான் கேட்டாக வேண்டும். அலையில் ஒரு கணம் நின்ற மகிழ்ச்சிக்காக நான் கொடுத்த காசும் அந்தக் கரையின் விலையை ஏற்றிய காசுதான். அதற்காகப் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. போகாமல் இருந்திருந்தால் அந்த மீனவரையும் உழவரையும் கிழவியையும் நான் அறிந்திருக்கமாட்டேன். ஆனால் எவர் வீட்டில் தங்குகிறோம், எவரிடம் வாடகை கொடுக்கிறோம், எதை விட்டுவிட்டு வருகிறோம் என்பவற்றை எண்ணாமல் போவது கொள்ளைக்கு உடந்தையாவதே.

ஊர் திரும்பிய மாலை, நண்பரும் நானும் வெள்ளவத்தையில் அதே கருங்கற்களின்மேல் அமர்ந்தோம். கால்வாய் நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்து கடலில் கலந்துகொண்டிருந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் கடலில் தீப்பற்றிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையிலே குவிந்ததையும், மீன்பிடி தடுக்கப்பட்டு மீனவர் குடும்பங்கள் முடங்கியதையும் நண்பர் நினைவூட்டினார். காப்பு வனத்துக்கு எல்லைக்கல் உண்டு, கடலுக்கு ஏது?

"அடுத்த முறை எங்கை மச்சான்?" என்றார் நண்பர்.

நான் கால்வாயின் வாயைக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலைந்து அயலவரோடு, கையில் சாக்குகளோடு அங்கே இறங்கினோம். பெரிய காரியம் ஒன்றுமில்லை. மறுவாரமே குப்பை மீண்டும் வந்து சேர்ந்தது. நாங்களும் மீண்டும் போனோம். அதோடு, அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது, அதைத் தடுக்கவேண்டியவர் எவர் என்று கேட்டு ஒரு விண்ணப்பமும் எழுதி, தெருவாரிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். முதற் கையெழுத்தை இட்டவர் ரயில் பாதைக்கு அப்பால் குடியிருக்கும் ஒரு மீனவர்.