கடவுச்சொல் யாரிடம்?

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கின்றன. சின்ன லினக்ஸ் கணினி ஒன்றில் மெர்ஜர்எஃப்எஸ் மென்பொருளைப் போட்டு, மூன்றும் ஒரே சேமிப்பிடமாகத் தெரியும்படி இணைத்தவர் என் கணவர். அதை நிரப்பியவள் நான். பிள்ளைகளின் படங்கள், வீட்டுப் பத்திரங்கள், கடைசி இரண்டு வருடங்களில் அம்மா தன் கதையைச் சொல்லச் சொல்ல நான் பதிவுசெய்த ஒலிக்கோப்புகள்.

அம்மா போன பிறகு ஒருநாள் திறந்தால் அந்தப் பதிவுகளைக் காணோம். மெர்ஜர்எஃப்எஸ் ஒரு கோப்பைத் துண்டாக்கிப் பல டிஸ்க்குகளில் வைப்பதில்லை. ஒரு டிஸ்க் விலகினால் அதிலிருப்பவை மட்டும் மறையும். மறைந்தது அம்மாவின் குரல்.

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். "டிஸ்க் போச்சு மேடம், ஃபார்மட் பண்ணிடலாம். சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார்கள். பதிவுகள் என்னுடையவை, முடிவு சாருடையதாம். டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கணவரிடம் நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டேன். "உனக்கெதுக்கு இந்தத் தலைவலி?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, அக்கறையில்தான் சொன்னார். அந்த அக்கறையால்தான் ஆறு வருடமாக எனக்கு அது தெரியாமலே இருந்தது. விடாமல் கேட்டு வாங்கினேன்.

முதலில் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்தேன். அதில் 5ஆம் எண், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197, சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள். இரண்டும் பூஜ்யம். பிறகு கணினியின் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று டிஸ்க்கும் சேர்ந்து வேலை செய்யும்போதெல்லாம் அந்த ஒன்றின் யூஎஸ்பி இணைப்பு அறுந்திருந்தது. தனி மின்சாரம் இல்லாத ஒரு ஹப்பில் மூன்றையும் செருகியிருந்தோம். யூஎஸ்பி 3.0 துளை ஒன்று தருவது 900 மில்லிஆம்பியர். அதை மூன்றும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. டிஸ்க்கில் கோளாறே இல்லை, அதற்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை. அடாப்டர் உள்ள ஹப் வாங்கி மாட்டினேன். அம்மா மறுபடி பேசினாள்.

1988இல் மும்பையில் எழுத்தாளர் அம்பையும் தோழிகளும் தொடங்கிய 'ஸ்பாரோ' காப்பகம், பெண்களின் குரல்களை ஆவணமாகச் சேர்த்துவருகிறது. வீட்டுக்குள் அந்த வேலையைச் செய்பவர்கள் அநேகமாக நாம்தான். ஆனால் சாவி நம் கையில் இருக்கிறதா?

டிஸ்க்குகளை இணைத்துவிட்டால் மட்டும் நகல் ஆகிவிடாது. அதனால் அம்மாவின் பதிவுகளை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து, காவிரிக்கு அந்தப் பக்கம், உறையூரில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி மகளிடமும் காட்டியிருக்கிறேன்.