வாத்தியம் வந்தது!

1965-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி. அமெரிக்காவில் நியூஜெர்ஸியில், டிரம்பெட் வித்வான் டான் செர்ரி மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு 'கம்ப்ளீட் கம்யூனியன்' என்ற இசைத்தட்டுக்கு வாசித்தார். பக்கத்துக்கு ஓர் உருப்படிதான். அதற்குள் பல மெட்டுக்கள் நிற்காமல் ஓடுகின்றன. கட்டுதிட்டங்களை உதறிய 'ஃப்ரீ ஜாஸ்' அல்லவா? முதலில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசுவது போலத்தான் இருக்கும். (நம் வீடுகளில் இது புதிதா, என்ன!) ஆனால் செர்ரி ஒரு மெட்டைத் தொட்டதும், மற்ற மூவரும் ஓடி வந்து சேர்ந்துகொள்ளும் அழகு இருக்கிறதே!

என் காது போவதென்னவோ ஹென்ரி கிரைம்ஸின் 'பாஸ்' மேல்தான். ஆளுயரத் தந்தி வாத்தியம் அது. சில வருஷங்களில் மனிதர் காணாமலே போனார். பழுதான வாத்தியத்தை விற்றுவிட்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தார். இறந்துவிட்டதாகவே பலர் நினைத்தார்கள்.

2002-ல் ஒரு ரசிகர் தேடிப் பிடித்தார். வில்லியம் பார்க்கர் என்ற வித்வான் ஒரு பாஸ் அனுப்பிவைத்தார். முப்பது வருஷமாக வாத்தியம் தொடாத கை! மறு வருஷமே நியூயார்க் மேடையில் வாசித்தது.

கேட்கத்தான் செர்ரி இல்லை, 1995-லேயே காலமாகிவிட்டார்.