பல்லில் உயிர் இருக்கிறதா?

திருவள்ளூர் நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம் நெமிலிச்சேரி. கிழக்கே ஆவடியில், 1960களிலிருந்து டாங்கி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை. அதைத் தாண்டினால் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத்துகளும் கியர் வெட்டும் பட்டறைகளும். இரும்பின் குணத்தைத் தொட்டே சொல்லும் கைகளை இந்த வட்டாரம் தலைமுறைகளாக வளர்த்திருக்கிறது. அப்படியொரு கையைப் பார்க்கத்தான், நெமிலிச்சேரியில் ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன்.

அன்று வந்திருந்தது ஒரு மாருதி ஜிப்ஸி. 1985 இறுதியில் சந்தைக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ராணுவமும் போலீசும் வனத்துறையும் ஓட்டிய வண்டி. இப்போது தயாரிப்பு நின்றுவிட்டது. அதனால் இதன் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்விதான்: பழையதைச் சீர்செய்வதா, புதிதைத் தேடுவதா?

"மண் ஏத்தத்துல டக் டக்குன்னு சத்தம் வருது மேஸ்திரி. முன்சக்கரம் இழுக்கவே மாட்டேங்குது" என்றார் வண்டிக்காரர்.

"ஹப் லாக் வழுக்குது போல இருக்கு சார். கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். பாக்காம ஒண்ணும் சொல்லக் கூடாது."

ஹப் லாக் என்பது முன் சக்கரத்தின் நடுவே இருக்கும் குமிழ். அதை 'ஃப்ரீ' பக்கம் திருப்பினால் சக்கரம் தன் பேரிங்கில் தனியே உருளும். ஆக்ஸிலும் கிரவுனும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் ஓய்வில் இருக்கும். 'லாக்' பக்கம் திருப்பினால் உள்ளே ஒரு பல் வளையம் நகர்ந்து ஆக்ஸிலையும் சக்கரத்தையும் கோத்துவிடும். சில வண்டிகளில் இதே வேலையை ஆக்ஸில் குழாய்க்குள் ஒரு வாக்குவம் டயஃப்ரம் செய்யும். 1987 முதல் 1995 வரை வந்த அமெரிக்க ஜீப் ராங்ளரில் இருந்தது அந்த வகை. வடிவம் எதுவானாலும் தேய்வது அந்தப் பற்கள்தான்.

மேஸ்திரி மூடியைக் கழற்றி, சர்க்கிளிப்பை எடுத்து, இரண்டு பக்க வளையங்களையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக வைத்தார். இடது ஹப்பின் கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. ஓ-ரிங் செத்துத் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. வலது ஹப்பில் கிரீஸ் பரவாயில்லை. ஆனால் பற்களின் முனைகள் உருண்டிருந்தன.

பிறகு ஒரு புது அரத்தை எடுத்தார். இடது வளையத்தின் பல்லில் மெல்ல இழுத்தார். கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போனது. வலது வளையத்தில் இழுத்தபோது 'கிரிச்' என்று கடித்தது. "இதுல உசுரு போயிடுச்சு" என்றார்.

அந்த ஒரு சத்தத்தில் உலோகவியல் முழுக்க இருக்கிறது. இத்தகைய பற்களை வெட்டிய பிறகு, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் கரியை ஊட்டிக் குளிர்விப்பார்கள். மேல்தோல் மட்டும் அரம் கடிக்க முடியாத அளவுக்குக் கடினமாகும். உள்ளே இரும்பு அடி தாங்கும் மென்மையோடு இருக்கும். அந்தத் தோலின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு உள்ளேதான். அது போனபின் தேய்மானத்துக்குத் தடையே இல்லை.

"வெல்டு வச்சு பல்லை ஏத்திடலாமாண்ணே?" என்று கேட்டான் உதவிக்கு நின்ற பையன்.

"சூடு பட்டா பக்கத்துப் பல்லோட ஹார்டனிங்கும் போயிடும்டா. விரிசலும் விடும். லேத்துல புதுசா வெட்டலாம், ஆனா ஹார்டனிங் பண்ணாம மாட்டினா சீக்கிரமே மறுபடி இங்கதான் வருவாரு."

தீர்ப்பு இப்படி வந்தது. இடதுக்கு ஓ-ரிங், ஸ்பிரிங், புது கிரீஸ். வலதுக்கு முழு ஹப் மாற்றம். தேய்ந்த பல்லோடு இத்தனை நாள் உரசிய ஜோடிப் பல்லையும் நம்ப முடியாது. ஒரு பக்கம்தானே என்று விடவும் வழியில்லை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்கம் பிடி விட்டால், சுழற்சி முழுக்க அந்தப் பக்கமே ஓடும். நன்றாக இருக்கும் சக்கரமும் இழுக்காது.

தேய்ந்ததற்கான காரணத்தையும் அவரே கேட்டு வாங்கினார். வண்டிக்காரர் தார் ரோட்டிலும் ஃபோர் வீலிலேயே ஓட்டியிருக்கிறார். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடும். மண்ணில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தை விடுவித்துக்கொள்ளும். தாரில் அதற்கு வழியில்லாமல் முறுக்கு முழுவதும் பற்களில் ஏறும். "மண்ணு வந்தா போடுங்க, தாரு வந்தா எடுத்துடுங்க சார்" என்றார்.

பில் எழுதும்போது பாகங்களுக்கு விலை இருந்தது, மாட்டியதற்குக் கூலி இருந்தது. பார்த்துச் சொன்னதற்கு ஒரு வரி இல்லை. கேட்டேன். "பாத்ததுக்கெல்லாம் யாரு சார் காசு குடுப்பாங்க?" என்றார்.

கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. பாகம் விற்றால்தான் வருமானம் என்று வைத்துவிட்டால், நல்ல பாகத்தையும் மாற்றச் சொல்லும் ஆசை பட்டறைக்கு வரும். அரத்தை இழுத்துப் பார்த்து, 'இது போதும்' என்று சொல்லும் நேர்மைக்கு நாம் விலை வைக்கவில்லை. மருத்துவர் மருந்தே எழுதாமல் அனுப்பினாலும் ஆலோசனைக் கட்டணம் கட்டுகிறோம். அதே மரியாதை மெக்கானிக்குக்கும் சேர வேண்டும். அடுத்த முறை வண்டியை விடும்போது, "பாக்குறதுக்கு எவ்வளவு?" என்று நாமே முதலில் கேட்போம். இந்தக் கண்ணும் கையும் அந்தப் பையனுக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால், அதில் பிழைப்பு இருக்க வேண்டும்.