கொட்டகையில் ஜீப், பரணில் டிரங்குப் பெட்டி

பழைய வீடுகளையும் கொட்டகைகளையும் துழாவி, கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களை விலைக்கு வாங்குபவரை அமெரிக்காவில் 'பிக்கர்' என்கிறார்கள். அயோவா மாநிலம் லெக்ளேரில் கடை நடத்திய மைக் உல்ஃபின் 'அமெரிக்கன் பிக்கர்ஸ்' தொடர் 2010இல் தொலைக்காட்சிக்கு வந்தபின் இந்தத் தொழில் பரவலாகத் தெரியவந்தது. திரையில் மனத்தில் நிற்பது பேரம்தான். நேரில் பொழுதின் பெரும்பகுதி, குப்பைக்கு நடுவே குனிந்து எண்களையும் எழுத்துகளையும் படிப்பதில் கழிகிறது. போர்க்காலப் பொருள்களையும் பழைய வண்டிகளையும் தேடுபவருக்கு அந்தப் படிப்பே கைத்தொழில்.

இரண்டாம் உலகப் போரில் சுமார் 1 கோடியே 60 லட்சம் அமெரிக்கர்கள் படையில் பணியாற்றினார்கள். திரும்பியவர்களின் சீருடை, தலைக்கவசம், கடிதங்கள், எதிரியிடம் கைப்பற்றிய வாள் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போய்ப் பரணேறின. அவற்றைப் பற்றி வீட்டாரிடம் வாய் திறக்காமலே பலர் காலத்தைக் கழித்துவிட்டார்கள். ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் பண்ணைகளுக்குப் போய் உழைத்துத் தேய்ந்தன. இன்று அந்தத் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. பெட்டிகளைத் திறப்பவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

அடைசலான வீட்டுக்குள் நுழைவதில் ஆபத்து உண்டு. நியூயார்க் ஹார்லெமில் கோலியர் சகோதரர்கள் வாழ்ந்த வீட்டுக்குள் 1947இல் போலீசார் நுழைந்தபோது, நூறு டன்னுக்கு மேல் சாமான் அடைந்திருந்தது. அதில் 14 பியானோக்களும் ஒரு ஃபோர்டு மாடல் டி காரின் அடிச்சட்டமும் இருந்தன. தம்பி லாங்லி, திருடருக்காகத் தானே அமைத்த பொறி சரிந்து குவியலுக்கடியில் இறந்து கிடந்தார். அவர் உடலைக் கண்டெடுக்கவே இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அனுபவப்பட்டவர் குவியலை மேலிருந்துதான் கலைப்பார். அடியில் கிடப்பதை உருவ மாட்டார். தரைப்பலகையை மிதித்துப் பார்த்தே காலை வைப்பார். எலிப்புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கினால் ஹன்டா வைரஸ் தூசியோடு மூச்சில் ஏறும் என்பதால் கிருமிநாசினி தெளித்து நனைத்துத்தான் துடைப்பார். பழைய வாயு முகமூடியை விளையாட்டுக்குக்கூட அணியக்கூடாது. சிலவற்றின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு.

கொட்டகையில் நிற்கும் ஜீப்பை வீட்டார் பெரும்பாலும் 'போர் ஜீப்' என்றுதான் காட்டுவார்கள். முன்பக்கக் கிராதியில் ஏழு திறப்புகளும் பின்புறம் திறக்கும் கதவும் இருந்தால், அது 1945இலிருந்து பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ வகை. போர்க்கால வண்டியின் அழுத்துத் தகட்டுக் கிராதியில் ஒன்பது திறப்புகள் இருக்கும், பின்கதவு இருக்காது. போர்க்காலத்தில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்தன. இரண்டையும் பிரித்தறிய மண்டியிட்டு முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்: வில்லிஸில் அது உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த வாய்க்கால் போன்ற தகடு. ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. பானெட்டில் பண்ணைக்காரர் பூசிய சிவப்பையும் பச்சையையும் நீர்த்தாள் கொண்டு மெல்லத் தேய்த்தால், சில வண்டிகளில் 20 என்று தொடங்கும் ராணுவப் பதிவெண் அடியிலிருந்து எழுந்து வரும். பல மணி நேரப் பொறுமை கேட்கும் அந்த வேலைக்கு ஈடாக இந்தத் தொழிலில் வேறொன்றும் இல்லை. ஆர்வ மிகுதியில் இஞ்சினைச் சுழற்றுவது பெருந்தவறு. இறுகிய பிஸ்டன்களுக்கு ஸ்பார்க் பிளக் துளை வழியாக எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறவிட வேண்டும்.

தலைக்கவசத்தைப் பளபளப்பாகத் துடைப்பதும் அதைக் கெடுப்பதுதான். எம்-1 கவசத்தின் சொரசொரப்பு, தக்கைத் தூள் கலந்து பூசிய சாயத்தால் வந்தது, போனால் திரும்பாது. கவசத்தின் உள்பட்டை, பை, பெல்ட் ஆகியவற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். படைவீரர்கள் தம் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் இப்படிக் குறித்தார்கள். முழு எண் கிடைத்தால் இன்னும் நல்லது. 37 என்று தொடங்கினால், அயோவாவை உள்ளடக்கிய, ராணுவத்தின் ஏழாம் வட்டாரத்தில் கட்டாய ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டவர். பெயரில்லாமல் கிடந்த பைக்கு இதனால் ஒரு மனிதர் கிடைக்கிறார்.

இதனால்தான் பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதம் பொருளைவிடப் பெரிது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அரசு ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீ 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான படைக் கோப்புகளை அழித்தது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போயின. படையில் பணியாற்றியதற்கு எஞ்சிய சான்று, வீட்டுப் பெட்டியில் உள்ள விடுவிப்புத் தாள் மட்டுமே என்ற நிலை பலருக்கு உண்டு. பதக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதக் கட்டைக் குப்பைத் தொட்டியில் போடும் வியாபாரி பெரும்பிழை செய்கிறார்.

கையெறி குண்டோ பீரங்கிக் குண்டோ கண்ணில் பட்டால் தொடாமல் வெளியேறிப் போலீசை அழைக்க வேண்டும். எத்தனை பத்தாண்டுகள் ஆனாலும் உள்ளே மருந்து இருக்கலாம். துப்பாக்கியிலும் சிக்கல் உண்டு. இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1934இல் வந்தது. 1968இல் பதியாதவற்றைப் பதிய ஒரு மாத காலம் பொதுமன்னிப்பு அளித்தார்கள். அப்போதும் பதியப்படாமல் பரணில் தங்கிவிட்டதைத் தனியார் சட்டப்படி வைத்திருக்க வழியில்லை.

பேரம் சின்னப் பொருளில் தொடங்கும். ஒரு பழைய எண்ணெய் டப்பாவை விற்க மனம் வந்தவருக்கு அடுத்ததைத் தருவது எளிது. மதிப்புத் தெரியாத முதியவரிடம் அடிமாட்டு விலை பேசுவது திருட்டுக்குச் சமம். நல்ல பிக்கர் உண்மை மதிப்பைச் சொல்லிவிட்டே விலை கேட்பார். பதக்கங்களில் தனிக் கவனம் வேண்டும். மெடல் ஆஃப் ஹானரை விற்பது குற்றம். போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தின் பின்புறம் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகைய பதக்கங்களை வாரிசுகளிடம் சேர்க்க 'பர்ப்பிள் ஹார்ட்ஸ் ரீயூனைட்டட்' என்ற அமைப்பே இயங்குகிறது.

பரணிலிருந்து பெட்டியை இறக்குபவர்கள் தொப்பியையும் கடிதத்தையும் புகைப்படத்தையும் பிரித்து விற்க வேண்டாம். அவை யாருடையவை என்று ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றோடும் சேர்த்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.