அண்ணி தேர்ந்தெடுத்த மேஜை

"லாஸ் வேகாஸுக்கா?" என்று கேட்டுவிட்டு என் மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, தருமபுத்திரர் நாடு, நகரம், தம்பிமார், தர்மபத்தினி எல்லாவற்றையும் பணயம் வைத்துத் தோற்ற கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். என் கணவர் அவ்வளவு தூரம் போகவில்லை. "திரும்பி வர டிக்கெட் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டதல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

கூட வருவது அண்ணி என்று தெரிந்ததும்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அண்ணி என் பெரியப்பா பிள்ளையின் மனைவி. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறார். அதற்கு முன் மயிலாப்பூர்வாசி. தெற்கு மாட வீதியில் அவர் கத்தரிக்காய் வாங்கும் அழகை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு காயையும் காம்பிலிருந்து அடிவரை திருப்பிப் பார்ப்பார். ஒரு கடையில் சரியில்லையென்றால் அடுத்த கடை. அங்கும் சரியில்லையென்றால் அதற்கடுத்தது. இப்படிப்பட்டவர் சூதாட்ட ஊருக்குக் கிளம்பினால் பயப்பட வேண்டியது நாமல்ல!

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து காரில் ஏறக்குறைய 270 மைல். பெரும்பகுதி மொஹாவி பாலைவனம். முட்செடியும் கல்லும், அதைவிட்டால் கல்லும் முட்செடியும். வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டரை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் 1913-ல் 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் அடித்ததன் ஞாபகார்த்தமாம். வெயிலுக்கும் ஒரு ஸ்தூபி!

நெவாடா மாகாணம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931-ல். அதே ஆண்டில்தான் பக்கத்தில் ஹூவர் அணைக்கட்டின் வேலையும் தொடங்கிற்று. இன்று அந்த ஊரில் பால் வாங்கப் போகும் மளிகைக் கடையில்கூட ஓர் ஓரத்தில் சூதாட்ட இயந்திரங்கள் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கின்றன. படங்களில் நாம் பார்க்கும் பெரிய ஹோட்டல்களெல்லாம் 'ஸ்ட்ரிப்' என்ற ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த ஹோட்டல்களில் பெரும்பாலானவை சட்டப்படி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்கு வெளியே இருக்கின்றன.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். அண்ணி தலைவலி என்று அறையில் படுத்துவிட்டார். நான் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். 'சும்மா வேடிக்கை' என்பது எவ்வளவு அபாயகரமான வார்த்தை என்று அப்போது தெரியவில்லை.

கீழே போனால், ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, எந்தப் பக்கம் நடந்தாலும் நடுக்கூடத்துக்கே வந்து சேருகிறோம். ஒரு மேஜைக்கு மேல் 'ஒரே கட்டுச் சீட்டு' என்று பளபளவென்று ஒரு பலகை. பிளாக்ஜாக்கில் கட்டுகள் குறையக் குறைய ஆடுகிறவருக்குச் சாதகம் என்று அண்ணி வழியில் சொல்லியிருந்தார். ஆகவே தைரியமாக உட்கார்ந்தேன். கையிலிருந்த பணம் வண்ண வண்ண வில்லைகளாக மாறிற்று.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஆஸ் ஒன்றாகவும் இருக்கும், பதினொன்றாகவும் இருக்கும். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரைவிட அதிகமாக இருந்தால் ஜெயம். டீலருக்கு சுயபுத்தி கிடையாது. 16 வரை இருந்தால் எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் நிறுத்தவேண்டும். அப்படியானால் காஸினோவுக்கு எங்கே லாபம்? முதலில் ஆடுவது நாம். நாம் 21-ஐத் தாண்டிவிட்டால் அந்த நிமிஷமே நம் பணம் போய்விடும். பிறகு டீலரும் தாண்டினால்கூட அது திரும்பி வராது.

எனக்குச் சீட்டுப் போட்டவர் பிலிப்பைன்ஸ் தேசத்துப் பெண்மணி. என் அம்மா வயது இருக்கும். என் கையில் 16. அவர் முன்னால் தெரிந்தது 6. இன்னொரு சீட்டு கேட்க விரலை நீட்டினேன். அவர் சீட்டில் கை வைக்காமல், "புத்தகம் நிற்கச் சொல்லும்" என்று மெல்லச் சொன்னார். நின்றேன். அவர் எடுத்தார், 21-ஐத் தாண்டினார், எனக்குப் பணத்தைத் தள்ளினார். அடுத்த ஆட்டத்தில் எனக்கே ஆஸும் ராணியும் சேர்ந்து வந்தன! அதுதான் பிளாக்ஜாக். 15 டாலர் வைத்திருந்தேன். 18 டாலர் எண்ணிக் கொடுத்தார். சந்தோஷத்தில் ஒரு 5 டாலர் வில்லையை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தட்டின் விளிம்பில் 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டிப் பக்கத்திலிருந்த பெட்டிக்குள் போட்டார்.

அறைக்கு ஓடி அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன். அண்ணி நெற்றியிலிருந்த ஈரத் துணியை எடுத்தார்.

"பதினெட்டா கொடுத்தாங்க? இருபத்திரண்டரை வரணுமே! மேஜை விரிப்புல என்ன எழுதியிருந்தது?"

"ஆறுக்கு அஞ்சுன்னு ஏதோ..."

"சரியாப் போச்சு. உனக்கு வரவேண்டிய நாலரை டாலரை அவங்க எடுத்துக்கிட்டாங்க. நீ அதுக்கு மேல அஞ்சு டாலர் இனாமும் கொடுத்துட்டு வந்திருக்கே."

அன்றிரவு எனக்குப் பாடம் நடந்தது. பழைய வழக்கப்படி பிளாக்ஜாக் வந்தால் 2 டாலருக்கு 3 டாலர் கொடுப்பார்கள். விரிப்பில் '3 : 2' என்று அச்சிட்டிருக்கும். 2000-க்குப் பிறகு மெல்ல மெல்லப் பரவிய புது வழக்கம் '6 : 5', அதாவது 5 டாலருக்கு 6. அவசரத்தில் பார்க்கிறவர்களுக்கு 6-ம் 5-ம் பெரிய எண்களாகத்தானே தோன்றும்! பிளாக்ஜாக் சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும். 10 டாலர் பந்தயத்தில் மணிக்கு 70 ஆட்டம் ஆடினால், இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் மணிக்குச் சுமார் 10 டாலர் கூடுதல் நஷ்டம். நல்ல விதிகள் உள்ள மேஜையில், முறைப்படி ஆடுகிறவருக்குக் காஸினோவின் லாபம் நூற்றுக்கு அரைதான். மணிக்கு மூன்றரை டாலர். 'ஒரே கட்டு' என்ற பலகை எனக்குத் தூண்டிலில் வைத்த புழு. ஆறு கட்டு வைத்து 3 : 2 கொடுக்கும் மேஜை அதைவிட எவ்வளவோ மேல்.

இந்தக் கணக்கெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்க ராணுவத்திலிருந்த நான்கு பேர் மேஜைக் கணக்குப் பொறியைத் தட்டித் தட்டியே, எந்தச் சீட்டுக்கு என்ன செய்யலாம் என்று வகுத்து 1956-ல் வெளியிட்டார்கள். பிறகு எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, வெளியே போன சீட்டுகளை ஞாபகம் வைத்துக்கொண்டால் காஸினோவையே ஜெயிக்கலாம் என்று 1962-ல் புத்தகம் எழுதினார். பயந்துபோன லாஸ் வேகாஸ்காரர்கள் 1964-ல் விதிகளை இறுக்கினார்கள். ஆடுகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போகவே, சில வாரங்களில் பழைய விதிகளையே கொண்டுவந்துவிட்டார்கள். 6 : 5 வந்தபோது மட்டும் யாரும் அப்படி எழுந்து போகவில்லை. என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்துகொண்டிருந்தோம்!

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை. "வார நாள், காலை நேரம். இப்பத்தான் பந்தயத் தொகை குறைச்சலா இருக்கும். சனிக்கிழமை ராத்திரி வந்தா அதே மேஜையில ரெண்டு பங்கு கேப்பாங்க" என்று அண்ணி என்னைக் கிளப்பிவிட்டார்.

அம்மம்மா, அந்த நடை! ஸ்ட்ரிப்பில் ஒரு ஹோட்டல் வாசலிலிருந்து அடுத்த ஹோட்டல் வாசலுக்குப் போவதே திருவான்மியூரிலிருந்து அடையாறுக்கு நடப்பது போல. ஒவ்வொரு மேஜையாக அண்ணி குனிந்து விரிப்பைப் படித்தார். சேலைக் கடையில் தலைப்பைப் பார்க்குமுன் விலைச் சீட்டைத் தேடுவோமே, அதே பார்வை. குறைந்த பந்தய மேஜைகளிலெல்லாம் 6 : 5. 3 : 2 மேஜைகளில் பந்தயம் எங்கள் சக்திக்கு மேல். ஓரிடத்தில் விகிதம் சரி, ஆனால் ஆஸைப் பதினொன்றாகக் கொண்ட 17-ல் டீலர் நிற்காமல் இன்னொரு சீட்டு எடுப்பார் என்று எழுதியிருந்தது. "நூத்துக்கு அஞ்சில ஒரு பங்கு போச்சு" என்று அண்ணி நகர்ந்தார். மற்றோரிடத்தில் இயந்திரம் ஓயாமல் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தது. கலைப்பதற்கு நிறுத்தாவிட்டால் மணிக்கு அதிக ஆட்டம். அதிக ஆட்டமென்றால் அதிக நஷ்டம். அங்கேயும் வேண்டாம். நான்காவது ஹோட்டலில் என் செருப்பு வார் அறுந்தது.

கடைசியில் பஸ் பிடித்து, பழைய ஊரான ஃப்ரீமான்ட் தெருவுக்குப் போனோம். தெருவுக்கே கூரை போட்டு, அந்தக் கூரையில் வாண வேடிக்கைபோல வண்ண விளக்குக் காட்சி காட்டுகிறார்கள். அங்கே ஒரு மூலையில் அகப்பட்டது அண்ணியின் கத்தரிக்காய்: 3 : 2, எல்லா 17-க்கும் டீலர் நிற்பார், பந்தயம் 10 டாலர்.

உட்கார்ந்ததும் அண்ணி கைப்பையிலிருந்து ஒரு சிறு அட்டையை எடுத்து என் முன் வைத்தார். எந்தக் கைக்கு என்ன செய்யலாம் என்ற அட்டவணை. இதைப் பார்த்து ஆடுவதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. பரிசுப் பொருள் கடைகளில் விற்கவே செய்கிறார்கள். டீலருக்கு ஆஸ் தெரிந்தபோது, "இன்ஷூரன்ஸ் வேண்டுமா?" என்று கேட்டார். இன்ஷூரன்ஸ் என்றால் நல்லதுதானே என்று தலையாட்டப் போனேன். மேஜைக்கடியில் அண்ணி என் காலை மிதித்தார். பல கட்டு ஆட்டத்தில் அந்தப் பந்தயத்தில் மட்டும் நூற்றுக்கு 7 காஸினோவுக்காம்.

எங்களுக்குச் சீட்டுப் போட்டவர் எத்தியோப்பியா தேசத்துப் பெண். எங்களோடு இருவர். ஒரு வாலிபர் ஜெயிக்கும்போதெல்லாம் 5 டாலர் வில்லையைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்த நரைத்த தலைக்காரர் ஒரு காசு கொடுக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

"அவரைக் கோவிச்சுக்காதே" என்றார் அண்ணி தமிழில். "சீட்டை எண்ணி ஆடறவரா இருந்தா அவருக்குக் கிடைக்கறதே நூத்துக்கு ஒண்ணுதான். பத்து டாலர் பந்தயத்துல மணிக்கு ஏழு டாலர். அதுல அஞ்சு டாலர் டிப்ஸ் கொடுத்தா மிச்சம் என்ன? அந்தப் பிள்ளை கொடுக்கறதோ, காஸினோ எடுக்கறதைவிடப் பல மடங்கு."

"அப்படியானா நாமும் கொடுக்க வேண்டாமா, அண்ணி?"

அண்ணி உடனே பதில் சொல்லவில்லை. டீலர்களுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு. பெரும்பாலான இடங்களில் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே இருக்கும். நெவாடாவில் 2024 ஜூலையிலிருந்து அது மணிக்கு 12 டாலர். குடும்பம் நடப்பது இனாமில்தான். அந்த இனாமும் வாங்கியவர் பைக்குப் போவதில்லை. பல இடங்களில் பையே இல்லாத உடுப்பு, அல்லது பையை மறைக்கும் ஏப்ரன். வில்லையைத் தட்டிச் சத்தம் செய்வது மேற்பார்வையாளர் காதில் விழுவதற்கு. பெட்டியில் சேர்ந்ததை வேலை செய்த மணிக்கணக்குப்படி எல்லா டீலர்களும் பங்கிட்டுக் கொள்வது பெரும்பாலான காஸினோக்களில் வழக்கம். 2006-ல் வின் லாஸ் வேகாஸ் ஹோட்டலில் மேற்பார்வையாளர்களுக்கும் அதில் பங்கு என்று ஏற்பாடு செய்தபோது, டீலர்கள் வருஷக்கணக்கில் வழக்காடினார்கள்.

"சம்பளத்தை முதலாளி அல்லவா கொடுக்க வேண்டும்?" என்றேன்.

"நியாயந்தான். ஆனா அந்த நியாயத்தை இவங்ககிட்டயா பேசறது?"

அண்ணியின் கணக்கு இப்படி: நல்ல மேஜையைத் தேடிப் பிடித்ததில் மணிக்கு 10 டாலர் மிச்சம். அதில் பாதி டீலருக்கு. அதிர்ஷ்டத்துக்குத் தட்சிணை அல்ல. டீலர் நினைத்தாலும் ஒரு நல்ல சீட்டு கொடுக்க முடியாது. மரியாதையாக, பிழையில்லாமல் வேலை செய்ததற்கு. ஜெயித்தாலும் தோற்றாலும் மணிக்கு ஐந்து. தெற்கு மாட வீதியில் ஒரு ரூபாய்க்குக் கால்மணி பேரம் பேசிவிட்டு, போகும்போது காய்க்காரக் கிழவிக்குக் காபிக்கென்று பத்து ரூபாய் கொடுப்பாரே, அதே அண்ணிதான்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நேற்று அந்த அம்மாள் எனக்கு 16-ல் நிற்கச் சொன்னாரே. விரிப்பில் 6 : 5 அச்சடித்தது அவரில்லையே. எல்லோரும் உங்களைப் போல மோசமான மேஜையைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டால் அவருக்கு யார் கொடுப்பார்கள்?"

அண்ணி தம் சீட்டைப் பார்த்தார், டீலரைப் பார்த்தார். "அந்த மேஜையில உட்காராதே. அந்த அஞ்சு டாலரைக் கொடுத்தது தப்புன்னு நான் இனிமே சொல்லலை" என்றார். எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. இன்றும் படவில்லை. ஆனால் அண்ணி ஒரு விஷயத்தில் இவ்வளவு தூரம் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு மணி நேரம் ஆடினோம். நடுவில் எனக்கு 80 டாலர் குறைந்தபோது வயிற்றைக் கலக்கிற்று. மூன்றரை டாலர் என்பது நீண்டகாலச் சராசரி. ஒரு மணி நேரத்தில் நூறு டாலர் ஏறுவதும் இறங்குவதும் சகஜமாம். பிறகு மெல்ல ஏறி வந்தது. டீலர் இடம் மாறும் நேரம். அவர் கையோடு கை தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். எதையும் எடுத்துப் போகவில்லை என்று மேலே உள்ள காமிராவுக்குச் சாட்சி. அதற்குள் அண்ணி இரண்டு சிவப்பு வில்லைகளை முன்னால் வைத்தார். டக், டக்.

காரில் ஏறியதும் அண்ணி சின்ன நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். 'ஆட்டம், இருவருக்குமாக நஷ்டம்: 15. டீலருக்கு: 10. பஸ்: 12' என்று எழுதிக் கோடு போட்டார்.

"என் செருப்பு?" என்று கேட்டேன்.

அண்ணி நோட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு காரைக் கிளப்பினார்.